கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர்

எங்கள் ஊருக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். "உங்க ஊர்த் தண்ணில சோப்பு போட்டா நுரை போகவே மாட்டேங்குதே!" அவர்கள் குறை சொல்கிறார்களா, பாராட்டுகிறார்களா என்று அவர்களுக்கே தெரியாது. எங்களுக்குத் தெரியும். அது ஏரித் தண்ணீர், அப்படித்தான் நுரைக்கும் என்று சொல்லிவிட்டு, ஏரியை நாங்களே வெட்டியது போல ஒரு சிரிப்புச் சிரிப்போம்.

சரியாகச் சொன்னால் அது எங்கள் தண்ணீர் இல்லை, ரயில்வேயின் தண்ணீர். கரி எஞ்சின் ஓடிய காலத்தில், ஏரியிலிருந்து நீர் எடுக்கும் உரிமையை ரயில்வே அரசாங்கத்திடம் வாங்கியது. குழாய் பதித்து, பம்பு ஹவுஸ் கட்டி, ஸ்டேஷன் பக்கத்தில் இரும்புத் தொட்டி ஒன்றை உயரத்தில் தூக்கி நிறுத்தியது. எஞ்சின் குடித்தது போக மீதி நிறைய இருந்தது. முதலில் ரயில்வே குடியிருப்புக்கு விட்டார்கள். அடுத்த தெருக்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தார்கள். அதற்கடுத்த தெருவும் கேட்டது. மாதக் கட்டணம் உண்டே தவிர மனு, கையெழுத்து, முத்திரை என்ற சங்கதியெல்லாம் கிடையாது. ஸ்டேஷன் ஜன்னலில் போய் வாயால் சொன்னால் போதும், பம்பு டிரைவர் குழாய் ரெஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். வண்டி வருகிற நேரத்தில் பம்பு ஹவுஸில் சங்கு ஊதும். ஊரே குழாயை மூடிவிடும். தலையில் சோப்போடு நிற்கிறவர்கூட கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி மூடுவார். எஞ்சின் குடித்து முடித்து மறுபடி சங்கு ஊதினால்தான் திறப்பார்கள். மேற்பார்க்க ஆள் கிடையாது, அபராதம் கிடையாது. அப்படிக் காத்திருந்ததிலும் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது.

பிறகு டீசல் எஞ்சின் வந்தது. அது தண்ணீர் கேட்கவில்லை. எஞ்சினுக்கு வேண்டாத ஏரி நமக்கு எதற்கு என்று ரயில்வேக்குத் தோன்றிவிட்டது. ஏரி உரிமையை ஒரு காகித ஆலைக்குக் கைமாற்றிவிட்டு, கோடையோடு பம்பு ஹவுஸைப் பூட்டப் போவதாக ஸ்டேஷன் பலகையில் ஒட்டினார்கள். ஊரின் மற்ற பக்கமெல்லாம் பாறை. கிணறு தோண்டினால் வருவது உப்புத் தண்ணீர், அதில் பருப்பும் வேகாது, துணியும் வெளுக்காது. நகராட்சி அலறியடித்துக்கொண்டு பொதுச் சேவை ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனது.

நான் லாண்டரிக்கு எதிர்க்கடையில் தையல் மிஷின் மிதிக்கிறவள். இந்த வழக்கில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த லாண்டரிக்குள் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். ஆஸ்பத்திரி விரிப்புகளும் ரயில்வே ஓய்வறை விரிப்புகளும் அங்கேதான் வெளுக்க வரும். கிழிந்தவற்றை ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுப்பது என் வேலை. மத்தியானத்துக்கு மேல் என் கடையில் வெயில் நேராக அடிக்கும் என்பதால் ஊசி நூலோடு அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவேன்.

லாண்டரியின் சொந்தக்காரி பம்பு டிரைவரின் மனைவி. ஊரே அவளை லாண்டரிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தொட்டி, ஒரு அடுப்பு, ஒரு இஸ்திரிப் பெட்டி வைத்து ஆரம்பித்தவள். இன்று மூன்று செம்புக் கொப்பரைகள் கொதிக்கின்றன, ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். கொதிக்கிற சலவைக் காரத் தண்ணீரில் துடுப்பு மாதிரி கட்டையை விட்டுத் துணியைப் புரட்டும்போது அவள் முழங்கையிலிருந்து ஆவி பறக்கும். அலசுவதற்கு நான்கு தண்ணீர் மாற்றுவாள். கடைசித் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பாள். சோப்பு ருசி இருந்தால் இன்னொரு தண்ணீர். "ஆஸ்பத்திரியில படுக்கிறவங்க முதுகு ஏற்கெனவே புண்ணாயிருக்கும், நாம வேற எரிய விடணுமா?" என்பாள். அவள் கடை விரிப்பை முகர்ந்தால் எந்த வாசனையும் வராது. அதுதான் தன் முத்திரை என்று சொல்லிக்கொள்வாள்.

அவளுக்கு ஓர் அண்ணன். கடைத்தெருக் கோடியில் சோடா கம்பெனி வைத்திருக்கிறவர். சோடாக்காரர் என்றால் சின்னக் குழந்தையும் கை காட்டும். ஊர் முழுக்க ரயில்வே தண்ணீர் ஓட, அவர் ஒருவர் மட்டும் தூரத்து ஆற்றிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்து, மணலிலும் கரியிலும் வடிகட்டிப் பாட்டிலில் அடைப்பார். ஏன் என்று கேட்டால், "அந்த மனுஷன்கிட்ட போய் நான் கேக்கறதா? கேட்டதும் இல்ல, கேக்கப்போறதும் இல்ல" என்று மீசையைத் தடவுவார். அந்த மனுஷன் என்றால் தங்கை புருஷன், பம்பு டிரைவர். இதையே பம்பு டிரைவரிடம் போய்க் கேட்டால் கதை தலைகீழாக வரும். "கேக்கலையா? வந்து கேட்டான்யா! உனக்குக் கிடையாது போடான்னுட்டேன்!" இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் தெருவின் இரண்டு ஓரத்துக்கும் போய்விடுவார்கள். எந்தக் கதை நிஜம் என்று டீக்கடையில் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காகச் சொல்லிவந்த அந்தக் கதைதான் எங்கள் குழாய்க்கு எமனாக வந்தது.

வந்தது இப்படித்தான். டிவிஷன் ஆபீஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து, பம்பு ஹவுஸைச் சுற்றிப் பார்த்தார். பம்பு டிரைவருக்குப் பம்பு என்றால் உயிர். பித்தளைப் பாகங்களை எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற பளபளப்பில் வைத்திருப்பார். அச்சுக் கட்டையில் சொட்டுகிற தண்ணீரின் சத்தத்தை வைத்தே தோல் வாஷர் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அதிகாரி அதையெல்லாம் புகழ்ந்துவிட்டு, வீட்டுக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். வீட்டில் பெரிய அதிகாரி உட்கார்ந்ததும் மனிதருக்குக் கால் தரையில் படவில்லை.

"என்னப்பா, கேட்டவங்களுக்கெல்லாம் குழாய் லைன் குடுத்திருக்கே. யாரையும் இல்லைன்னு சொன்னதே கிடையாதா?" என்று அதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டாராம்.

தன்னை இளகின மனசுக்காரன் என்று எடை போட்டுவிட்டாரே என்று இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் சார் சொல்லலை? என் சொந்த மச்சானுக்கே இல்லைன்னுட்டேன்! ஊருக்கே தெரியும் சார்!"

அதிகாரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இதை ஆணையத்துல வந்து சொல்லுவியா?"

"எங்க வேணாலும் சொல்றேன் சார்."

அந்தப் பதிலின் விலை எங்களுக்கு நகராட்சி வக்கீல் விளக்கியபோதுதான் புரிந்தது. வக்கீல் சின்ன வயசுப் பெண். கறுப்புக் கோட்டில் பொத்தான் தைத்துக்கொள்ள என் கடைக்கு வந்தவளை நான் லாண்டரிக்குள் அழைத்துப் போயிருந்தேன். ஊரே கேட்கிற கேள்வியை லாண்டரிக்காரம்மாவும் கேட்டாள். "தண்ணி நின்னுடுமாம்மா?"

"ஒரே ஒரு விஷயத்துல தொங்கிக்கிட்டு இருக்குங்க. யார் வந்து கேட்டாலும் வித்தியாசம் பாக்காம ரயில்வே குடுத்திருந்தா, அது பொதுச் சேவை. அப்போ ஆணையத்தோட அனுமதி இல்லாம நிறுத்தவும் முடியாது, ஏரியை விக்கவும் முடியாது. ஆனா இவருக்கு உண்டு, இவருக்கு இல்லைன்னு ஆள் பார்த்துக் குடுத்திருந்தா, அது ரயில்வே தன் இஷ்டத்துக்குச் செஞ்ச உதவி. இஷ்டமில்லைன்னா நாளைக்கே நிறுத்தலாம். இத்தனை நாளா அவங்ககிட்ட ஒரு மறுப்புகூட இல்லை. எழுத்துல எதுவுமே கிடையாது பாருங்க, எல்லாம் வாய்ப்பேச்சு. இப்போ ஒரு சாட்சி கிடைச்சிருக்குன்னு கேள்வி."

அந்தச் சாட்சி யாருடைய புருஷன் என்று வக்கீலுக்குத் தெரியாது. நான் ஊசியைப் பார்த்துக்கொண்டேன். லாண்டரிக்காரம்மா கட்டையைக் கொப்பரையிலேயே விட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் போய்த் தீயைக் குறைத்தாள். அது குறைக்க வேண்டிய தீயே இல்லை.

பம்பு டிரைவர் சாப்பிட வந்தார். லாண்டரிக்குப் பின்கட்டில்தான் வீடு. ரொட்டியும் முட்டையும் வெங்காயமும் தட்டில் வைத்துவிட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். "உக்காருங்க டெய்லரம்மா, மறைக்கிறதுக்கு இங்க என்ன இருக்கு?" என்றாள். குரலே சரியில்லை.

"ஏங்க, எங்க அண்ணன் உங்ககிட்ட எப்போ வந்து லைன் கேட்டான்?"

"எப்போன்னா? எப்பவோ."

"எங்க வெச்சுக் கேட்டான்?"

"பம்பு ஹவுஸ்லன்னு வெச்சுக்கோயேன்."

"நான் எதுக்கு வெச்சுக்கணும்? நீங்க சொல்லுங்க. என்ன சட்டை போட்டிருந்தான்?"

"சட்டையெல்லாம் யார் பாக்கறா? சாப்பிட விடுறியா இல்லையா?"

"அவன் உங்ககிட்ட வரவே இல்லை. நீங்க மறுக்கவும் இல்லை."

ரொட்டி வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகத் தட்டுக்கே திரும்பியது. "உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவர் என் பக்கம் பார்த்தார். நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் மனிதர் குரலை இறக்கினார். "டீக்கடையில எல்லாரும் கேக்கறாங்க, என்னய்யா, ஊருக்கே தண்ணி குடுக்கறே, உன் மச்சான் லாரியில கொண்டாரான்னு. அவன் என்னை மதிச்சு வந்து கேக்கலைன்னு சொன்னா என் மரியாதை என்னாகறது? அதனால ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்போ எனக்கே நடந்த மாதிரி இருக்கு."

"அப்போ இதையே ஆணையத்துல போய்ச் சொல்லுங்க."

"என்னது? இத்தனை வருஷம் சொன்னதை இப்போ இல்லைன்னா, ஊரே கைகொட்டிச் சிரிக்கும்! அதுவும் அந்த அதிகாரி முன்னால. பெரிய ஸ்டேஷனுக்கு என்னை மேஸ்திரியா போடறேன்னு வேற சொல்லியிருக்காரு."

"பெரிய ஸ்டேஷனுக்கு நீங்க போவீங்க. என் கடை?"

முட்டை ஆறிப்போயிற்று. "அங்கேயும் துணி அழுக்காகத்தானே செய்யும்" என்று எதையோ சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் போன பிறகு அவள் தட்டை எடுக்கவே இல்லை.

"டெய்லரம்மா, அவன் கேட்டான்" என்றாள்.

"யாரு?"

"எங்க அண்ணன். என்கிட்ட வந்து கேட்டான். இவருக்கே தெரியாது."

சொன்னாள். லாண்டரி ஆரம்பித்தபோது அண்ணன் வாசலில் நின்று, "ஊரான் அழுக்கைத் துவைக்கிறவளை என் தங்கச்சின்னு சொல்லிக்க எனக்கு வெக்கமா இருக்கு" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாராம். பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. சோடா கம்பெனி ஆரம்பிக்கிறபோது ஒருநாள் கொல்லைப்பக்கமாக வந்து, புருஷனிடம் சொல்லித் தனக்கு ஒரு லைன் போட்டுத் தரச் சொன்னாராம். இவள் வெளியே அனுப்பிவிட்டாள். புருஷனிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

"அழுத்தக்காரிதான் நீங்க" என்றேன்.

"ஏன், பண்ணினதுல என்ன தப்பு? இன்னைக்கு வந்தாலும் அதையேதான் சொல்லுவேன்." கண் கலங்கியது, ஆனால் கழுத்து வளையவில்லை. "இப்போ நான் வாயைத் தொறந்தா, வீட்டுக்காரர் பொய் சொன்னது வெளிய வரும். கேக்கவே இல்லைன்னு மீசை முறுக்கறவன் கேட்டதும் வெளிய வரும். ஒரே நாள்ல ரெண்டு பேர் தலையும் குனியும். தொறக்கலைன்னா இந்தக் கொப்பரை மூணும் பழைய பாத்திரக் கடைக்குப் போகும். ஆஸ்பத்திரிக்காரங்க விரிப்பை எங்க கொண்டு போவாங்க? இதுங்க ஏழு பேரும் எங்க போகும்?"

"அண்ணன்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"சொன்னா கெஞ்சின மாதிரி ஆயிடும்." அத்தோடு எழுந்து போய் விரிப்பைப் பிழிய ஆரம்பித்தாள்.

ஆணையம் எங்கள் நகராட்சி மண்டபத்திலேயே கூடியது. கோடை உச்சியில் இருந்தது. மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் பரிமாறியது. தலைமை வகித்த அம்மாள் முன்னாள் நீதிபதி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார். ரயில்வே வக்கீல் வயதானவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் பேச்சில் இருந்த நிதானத்தைப் பார்த்தால் நம் பக்கத்து வக்கீலாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமே வரும். சோடாக்காரர் கடைசி வரிசையில், சுவரோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பம்பு டிரைவர் வெளுத்த சட்டையில் வந்து நின்றார். அதை வெளுத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ரயில்வே வக்கீல் கேட்டார்: "உங்க மச்சானுக்கு லைன் குடுக்க மறுத்தீங்களா?"

ஒரு கணம் அவர் கண் கூட்டத்தில் மனைவியைத் தேடியது. பிறகு அதிகாரியைப் பார்த்தது. "மறுத்தேங்க."

மண்டபமே உச்சுக் கொட்டியது. சுவரோரத்திலிருந்து சோடாக்காரர் எழுந்து, "பொய்! நான் இவர்கிட்ட கேக்கவே இல்லை!" என்று கத்தினார். தலைவியம்மாள் பென்சிலால் மேசையைத் தட்டி அவரை உட்காரச் சொன்னார். கேட்டான், கேட்கவில்லை என்ற டீக்கடைப் பேச்சு அரசாங்க மேசைக்கு முன்னால் வந்து நின்றது. சாட்சி ரயில்வேயின் ஆள், சத்தியம் செய்து சொல்கிறார். எங்கள் சின்ன வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது லாண்டரிக்காரம்மா எழுந்தாள். "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். சாட்சி கூண்டுலயே நின்னு சொல்றேன்."

புருஷனைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல் என்று நினைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க" என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட எங்க அண்ணன் கேட்டதில்லைங்க. எங்க வீட்டுக்காரர் மறுத்ததும் இல்லைங்க. அண்ணன் கேட்டது என்கிட்ட. மறுத்தது நான். நான் ரயில்வேல வேலை பாக்கலை."

கூட்டம் ஒரேயடியாகத் திரும்பிச் சுவரோரத்தைப் பார்த்தது. சோடாக்காரர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து முழங்காலில் வைத்துக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது.

ரயில்வே வக்கீல் அவசரப்படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "ஊர்ல நிறைய பேர் உங்க மூலமாத்தானேம்மா லைன் கேட்டாங்க?"

"ஆமாங்க. துணி போட வர்றப்போ சொல்லுவாங்க. நான் அவர்கிட்ட சொல்லுவேன், அவர் போய்ப் போடுவார்."

"அப்போ நீங்க சும்மா ஒரு வீட்டுப் பெண் இல்லை. ரயில்வேகிட்ட கேக்கறதுக்கு ஊர் வெச்சிருந்த வழியே நீங்கதான். அந்த வழியில ஒருத்தரை மறிச்சிருக்கீங்க. அதை ரயில்வே மறுத்ததுன்னு சொன்னா தப்பாம்மா?"

நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்லப் போய், குழியை இன்னும் ஆழமாகத் தோண்டிவிட்டாளே என்று நினைத்தேன். அவள் காரத்தில் வெந்து தோல் உரிந்த தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்றேங்க. எங்க அண்ணனும் இங்கதான் இருக்கார், தப்பா இருந்தா அவரே சொல்லட்டும். 'தண்ணி வேணும்னா ஸ்டேஷன் ஜன்னல்ல போய்க் கேளு. ஊர்ல யார் கேட்டாலும் குடுக்கறாங்க, உனக்கும் குடுப்பாங்க. எல்லாரையும் மாதிரி வரிசையில நில்லு. தங்கச்சின்னு உரிமை கொண்டாடிக்கிட்டு கொல்லைப்பக்கமா வராதே. அந்த உறவை அறுத்துட்டுப் போனவன் நீ.' இதைத்தாங்க சொன்னேன். நான் இல்லைன்னது தண்ணிக்கு இல்லைங்க. உறவுக்கு. அது எங்க வீட்டு விஷயம். அதுல ரயில்வேக்கும் பங்கு இல்லை, உங்களுக்கும் பங்கு இல்லை."

தலைவியம்மாள் கண்ணாடிக்கு மேலாகச் சுவரோரத்தைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

சோடாக்காரர் எழுந்தார். அவர் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் தங்கையைப் பொய்க்காரியாக்கிவிட்டு, மீசையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். கேட்கவே இல்லை என்று இன்னொரு தடவை சொன்னால் போதும். பழகிய வார்த்தைதான். கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் அந்தக் கதையைக் கேட்டவர்கள்.

"கேட்டேன்" என்றார். "அவ சொன்னது நிஜம். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரிசையில நில்லுன்னா. நான் நிக்கலை. அதுக்கு ரயில்வே என்ன பண்ணும்?"

அவ்வளவுதான். யாரையும் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தலைவியம்மாள் பம்பு டிரைவரை மறுபடி கூப்பிட்டார். மனிதருக்கு அந்தக் கொஞ்ச நேரத்தில் வயது கூடிவிட்டது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது எப்பேர்ப்பட்ட குற்றம் தெரியுமா என்று அந்த அம்மாள் கேட்ட கேள்வியில் நாங்களெல்லாம் தலை குனிந்தோம். "தெரியுங்க. புத்தி கெட்டுச் சொல்லிட்டேன்" என்றார் பம்பு டிரைவர். பிறகு என்ன நினைத்தாரோ, நிமிர்ந்தார். குரல் பம்பு ஹவுஸில் வருகிற குரலாக மாறியது. "அம்மா, இந்த வாயால யாருக்கும் தண்ணி இல்லைன்னு சொன்னதே கிடையாதுங்க. சண்டைக்காரன் கேட்டிருக்கான், குடுத்திருக்கேன். என்னைத் திட்டிட்டே கேட்டவன் இருக்கான், அவனுக்கும் குடுத்திருக்கேன். மச்சான் வந்து கேட்டிருந்தா அன்னைக்கே ஓடிப்போய் போட்டிருப்பேன். அவர் வரமாட்டாரான்னு நான் எதிர்பார்த்ததுதாங்க நிஜம்."

எங்கள் சின்ன வக்கீல் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

வீட்டுக்கு நடந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டு வந்ததைப் பின்னால் வந்த நான் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, அவர்கள் பேசிய சத்தம் அப்படி.

"நீ என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பொய் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்ல?"

"மேஸ்திரி வேலை போச்சு."

"போகட்டும். பம்பு இருக்கில்ல?"

"இருக்குமா?"

"அந்த அம்மா உங்களைப் பார்த்த பார்வையைப் பார்த்தேன். இருக்கும்."

மழை தொடங்கிய பிறகு தீர்ப்பு வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து வந்ததால், தண்ணீரைப் பொறுத்தவரை ரயில்வே ஒரு பொதுச் சேவை நிறுவனம். மாற்று ஏற்பாடு ஆகும்வரை நிறுத்தக் கூடாது, ஏரி உரிமையைத் தனியாகப் பிரித்து விற்கவும் கூடாது. இனிமேல் யார் கேட்டாலும் முறைப்படி பதிந்து லைன் தர வேண்டும். காகித ஆலை வேறு ஏரி தேடிப் போயிற்று. டீக்கடைக்காரர் அன்று தேநீருக்குக் காசு வாங்கவில்லை என்பதை எழுதியே ஆக வேண்டும், அவரை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். லாண்டரிப் பெண்கள் கொப்பரைக் கட்டையால் தரையில் தாளம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் லாண்டரிக்காரம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விரிப்புகளை எண்ணினாள். மண்டபத்திலிருந்து போன அண்ணன் அதன்பிறகு கடைத்தெருவில் ஒருவரோடும் பேசவில்லை. லாரி தினமும் ஆற்றுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

புது முறை தொடங்கிய அன்று மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்டேஷன் ஜன்னல் ரோட்டுக்கு அந்தப் பக்கம், என் கடையை அடுத்துத்தான்; லாண்டரிக்குள்ளிருந்தே தெரியும். புதுத் தெருக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஜன்னலுக்குள் ஒரு குமாஸ்தா, பக்கத்தில் பம்பு டிரைவர்.

இஸ்திரி போடுகிற பெண்தான் முதலில் பார்த்தாள். "அக்கா! சோடாக்காரர் வரிசையில நிக்கிறாரு!"

கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தார். குடை இல்லை. முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். "நீங்க போங்கண்ணே." அவர் அசையவில்லை. "எனக்கு முன்னாடி வந்தவங்க போகட்டும்."

"அக்கா, ஒரு குடையாவது குடுத்துட்டு வரட்டா?"

"வேணாம்" என்றாள் லாண்டரிக்காரம்மா. வாசலுக்கு வரவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த விரிப்பை அதே இடத்தில் மூன்றாவது தடவையாக உதறிக்கொண்டிருந்தாள்.

வரிசை நகர்ந்து நகர்ந்து அவர் முறை வந்தது. பம்பு டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். குமாஸ்தா வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஆள், அவனுக்கு எதுவும் தெரியாது. தலையைத் தூக்காமலே கேட்டான்.

"என்ன வேணும்?"

"தண்ணி. சோடா கம்பெனிக்கு."

"இந்த ஊர்ல உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க."

வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். சோடாக்காரரைத் தெரியாதவர் யார் இந்த ஊரில்! யார் பெயரையும் சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்குள் நிற்கிறவரையே காட்டியிருக்கலாம். அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். கொப்பரைப் புகையையும், கொடியில் வெயிலில் வெளேரென்று ஆடிய விரிப்புகளையும் பார்த்தார். பிறகு, தெருத்தெருவாகக் கூவிச் சோடா விற்ற காலத்துக் குரலில், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"லாண்டரிக்காரம்மா. என் தங்கச்சி."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் விரிப்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் நனைந்து கிடந்தது, ஆவி என்று சொல்ல அங்கே கொப்பரை எதுவும் பக்கத்தில் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, என்னிடம் சொன்னாள்:

"டெய்லரம்மா, எனக்குச் சரியா காதுல விழலை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."